பார்க் ஹில்: கட்டடம் நின்றது, குடியிருந்தவர்கள் போனார்கள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ரயிலை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தால், கிழக்கே குன்றின்மேல் நீண்டு வளைந்து கிடக்கும் கான்கிரீட் குடியிருப்புதான் பார்க் ஹில். தொழிலாளர் குடும்பங்களுக்காக மாநகராட்சி கட்டிய 995 வாடகை வீடுகள். 1961-இல் திறந்தபோது வெளியூர்க் கட்டடக் கலைஞர்கள் எல்லாம் வந்து பார்த்துப் போனார்கள். 1980-களில் அதே குடியிருப்பை ஊரின் அவமானம் என்று உள்ளூர்க்காரர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். 1998-இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில், இரண்டாம் தர நட்சத்திர நிலையில் (மூன்று தரங்களில் நடுவானது) சேர்த்தது. ஐரோப்பாவில் இப்படிப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் மிகப் பெரியவற்றில் ஒன்றானது பார்க் ஹில்.

போருக்குப் பின் எழுந்த வெகுஜன வீட்டுத் திட்டங்களுக்கு மரபு மதிப்பு உண்டா என்ற சண்டை ஐரோப்பா முழுவதும் நடக்கிறது. ஒரு பக்கம், இவை ஒரு காலத்தின் பெரிய சாதனை, இடிக்கக்கூடாது என்கிறார்கள். இன்னொரு பக்கம், இதில் வாழ்ந்து பார்த்தால் தெரியும் என்கிறார்கள். பார்க் ஹில்லில் முதல் தரப்பு வென்றது. வென்றபின் என்ன ஆனது என்பதை யாரும் போதுமான அளவு கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. சட்டம் காப்பாற்றியது கான்கிரீட் சட்டகத்தை. அந்தச் சட்டகம் எதற்காக எழுப்பப்பட்டதோ அதில் பெரும்பகுதி கை நழுவிப் போனது. இந்த வழக்கில் நான் பார்ப்பது இதைத்தான்.

குன்றில் முன்பு இருந்தது

எஃகு ஆலைகள் வளர்ந்த காலத்தில் அந்தக் குன்றில் முதுகோடு முதுகு ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள் நெருக்கியடித்து நின்றன. பின்சுவர் அடுத்த வீட்டுக்கும் பின்சுவர். காற்று ஒரு பக்கம் மட்டும்தான். தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் முற்றத்தில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக. அடிதடிக் கும்பல்களால் அந்தப் பகுதிக்குச் 'சின்னச் சிகாகோ' என்றே பட்டப்பெயர். 1930-களில் இந்தக் குடிசைப் பகுதியை அகற்றும் வேலை தொடங்கியது. போர் வந்து நின்றுபோனது. 1940 டிசம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சு நகரத்தின் நடுப்பகுதியைச் சிதைத்தது. போர் முடிந்தபோது வீட்டுப் பற்றாக்குறை முன்பைவிட மோசமாக இருந்தது.

1953-இல் ஜே. லூயிஸ் வோமர்ஸ்லி நகரத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். அவருடைய அலுவலகத்தில் ஜாக் லின், ஐவர் ஸ்மித் என்ற இரு இளைஞர்கள் சேர்ந்தார்கள். நவீனக் கட்டடக் கலைஞர் லு கொர்புசியே பிரான்சின் மார்சேயில் 1952-இல் முடித்த பெரிய குடியிருப்பு அவர்கள் மனத்தில் இருந்தது. அதே ஆண்டு லண்டனின் கோல்டன் லேன் குடியிருப்பு வடிவமைப்புப் போட்டிக்குக் கட்டடக் கலைஞர் தம்பதி அலிசன் ஸ்மித்சனும் பீட்டர் ஸ்மித்சனும் அனுப்பிய, கட்டப்படாமலே போன ஒரு வரைவும் இருந்தது. வீடுகளுக்கு முன்னால் அகன்ற நடைபாதையை வைத்து, தெருவையே மேலே தூக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் அந்த வரைவின் எண்ணம். அது எடுபடுமா என்று முதன்முதலில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது ஷெஃபீல்டு.

1957-இல் வேலை தொடங்கியது. 1961-இல் தொழிற்கட்சித் தலைவர் ஹியூ கெயிட்ஸ்கெல் திறந்துவைத்தார்.

கட்டடம் எப்படி வேலை செய்தது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் சொல்ல வேண்டும். பார்க் ஹில்லை வெறுக்கிறவர்களும் போற்றுகிறவர்களும் பெரும்பாலும் அதன் முகத்தை வைத்தே பேசுகிறார்கள். அதன் அறிவு இருப்பதோ அதன் அமைப்பில்.

குன்று சரிந்துகொண்டே போகிறது, கூரை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மட்டத்தில் ஓடுகிறது. அதனால் மேட்டில் நான்கு மாடியாகத் தொடங்கும் கட்டடம் பள்ளத்துக்கு வரும்போது 13 மாடியாகிறது. மூன்று மாடிக்கு ஒன்றாக, ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலத்தில், திறந்தவெளி நடைத்தெருக்கள். மேட்டை நோக்கி நடந்தால் மிக உயரத்தில் உள்ள ஒன்றைத் தவிர மற்ற எல்லா நடைத்தெருவும் எங்கோ ஓரிடத்தில் மண்ணைத் தொட்டுவிடும். மாடியில் குடியிருப்பவர் படி ஏறாமல், லிஃப்டுக்குக் காத்திருக்காமல், நடந்தே வீட்டு வாசலுக்கு வரலாம். கட்டடங்களைப் பாலங்கள் இணைத்ததால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மழையில் நனையாமல் போகலாம். மின்சாரத்தில் ஓடும் பால் வண்டி அந்தத் தெருக்களில் வீடுவீடாகப் போனது. வண்டியையே ஏற்றிச் செல்லும் அளவுக்குப் பெரிய லிஃப்டுகள் இருந்தன.

வீடுகளை அடுக்கியதிலும் யோசனை இருந்தது. நடைத்தெருவுக்குக் கீழே ஒற்றை மாடி வீடுகள், நடைத்தெரு மட்டத்திலும் அதற்கு மேலேயுமாக இரண்டு தளத்தில் அமைந்த வீடுகள். நடைத்தெரு மூன்று மாடிக்கு ஒன்றுதான் என்பதால் மற்ற மாடிகளில் வீடு கட்டடத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை போனது. இரு பக்கமும் வெளிச்சம், இரு பக்கமும் காற்று. பின்சுவருக்கு முதுகு கொடுத்து வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. அப்புறம், ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தக் குளியலறை, சொந்த பால்கனி, மையக் கொதிகலனிலிருந்து வரும் வெப்பம், சமையலறைத் தொட்டியிலேயே குப்பையைப் போட்டால் நீரோடு சேர்த்துக் குழாய்வழி இறக்கிவிடும் கார்ச்சே என்ற பிரெஞ்சு ஏற்பாடு. கீழே கடைகள், நான்கு பப்கள், பள்ளி.

இடித்த தெருக்களின் பெயர்களையே புதிய நடைத்தெருக்களுக்கு வைத்தார்கள்: நார்விச் ரோ, லாங் ஹென்றி ரோ, ஹேக் ரோ, கில்பர்ட் ரோ. பழைய தெருவில் பக்கத்து வீடாக இருந்தவர்களை முடிந்தவரை இங்கேயும் பக்கத்து வீடாகக் குடியேற்றினார்கள். மாநகராட்சியின் பணியாளர் ஒருவர் அங்கேயே தங்கி, வந்தவர்களுக்கு உதவியாக இருந்தார். இது கட்டடக் கலை இல்லை, நிர்வாகம். ஆனால் கட்டடம் நன்றாக வேலை செய்த ஆண்டுகளை இதைத் தவிர்த்துவிட்டு விளக்க முடியாது.

வெளிமுகம் கான்கிரீட் சட்டகம், நடுவில் செங்கல் நிரப்பு. கீழே கருஞ்சிவப்பில் தொடங்கும் செங்கல் மேலே போகப் போக வெளிறி, உச்சியில் வெண்மஞ்சள் ஆகிறது. நுண்கலைஞர் ஜான் ஃபாரஸ்டர் இதற்கு ஆலோசகராக இருந்தார். ஆலைப் புகை படிந்தபின் இந்த நிற வேறுபாடு பலர் கண்ணுக்குப் படவேயில்லை.

சரிவு

என்ன ஆயிற்று? கட்டடத்தின் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், அவை உண்மையானவை. சட்டகம் உள்ளிருந்து வெளியே தொடர்ந்து போவதால் குளிரை வீட்டுக்குள் கொண்டுவந்தது. சுவரில் ஈரம் கோத்தது, பூஞ்சை பிடித்தது. கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பி துருவேறி மேற்பூச்சு பெயர்ந்தது. ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டில் கேட்டது. எல்லாத் திசையிலும் வழி திறந்திருந்த நடைத்தெரு, குழந்தைகளுக்கும் பால்காரருக்கும் வசதியாக இருந்தது போலவே, பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுபவனுக்கும் வசதியாக ஆனது.

ஆனால் காலத்தைக் கவனியுங்கள். முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இதே கட்டடம், இதே நடைத்தெரு, இதே சட்டகம். குடியிருந்தவர்களிடம் தொடக்கத்தில் கேட்டபோது பெரும்பாலோர் திருப்தியாகவே இருந்தார்கள். பிறகு 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் ஷெஃபீல்டின் எஃகுத் தொழில் நொறுங்கியது. பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். 1980-ஆம் ஆண்டு வீட்டுச் சட்டம், மாநகராட்சி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றது. தோட்டம் வைத்த தனி வீடுகள் வேகமாக விற்றுப்போயின. அடுக்குமாடி வீடுகள் மாநகராட்சியின் கையிலேயே தங்கின, வேறு போக்கிடமில்லாதவர்கள் அவற்றில் வந்து சேர்ந்தார்கள். விற்ற பணத்தை அப்படியே பழுதுபார்க்கவும் புதிது கட்டவும் செலவழிக்க மாநகராட்சிகளுக்கு அனுமதியில்லை. விளக்கு எரியவில்லை என்றால் அப்படியே கிடந்தது. லிஃப்ட் நின்றால் நின்றதுதான்.

வேலை போன ஊரில், பராமரிப்பு நின்ற கட்டடத்தில், நெருக்கடியில் இருக்கும் குடும்பங்களை ஒன்றுசேர்த்து வைத்துவிட்டு, தோற்றது கான்கிரீட் என்று தீர்ப்பு எழுதினார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. குறையுள்ள கட்டடங்களைச் செல்வந்தர்கள் உலகெங்கும் பழுதுபார்த்து வாழ்கிறார்கள். ஏழைகளின் கட்டடத்தில் மட்டும் குறை தெரிந்ததும் அதன் வடிவமே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது.

ஷெஃபீல்டே ஒரு பெரிய ஒப்பீட்டைத் தருகிறது. பார்க் ஹில்லை ஒட்டி, இன்னும் உயரமாக எழுந்த ஹைட் பார்க் குடியிருப்பில் ஒரு பகுதி இடிபட்டது. மீதியை 1991 உலக மாணவர் விளையாட்டுப் போட்டிக்காகப் புதுமுகம் போர்த்தி மாற்றினார்கள். கெல்வின் என்ற மற்றொரு நடைத்தெருக் குடியிருப்பு 1990-களின் நடுவில் முழுவதும் போனது. பார்க் ஹில் மட்டும் மிஞ்சியது. மிஞ்சிய ஒன்றைத்தான் 1998-இல் பட்டியலில் சேர்த்தார்கள்.

பட்டியல் எதைப் பார்க்கிறது

இங்கிலாந்தில் ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்ப்பது பண்பாட்டுத் துறை அமைச்சரின் முடிவு. அன்றைக்கு அவருக்கு ஆலோசனை சொன்ன அமைப்பு இங்கிலிஷ் ஹெரிட்டேஜ். கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கட்டடத்துக்குச் சிறப்பான கட்டடக்கலை முக்கியத்துவமோ வரலாற்று முக்கியத்துவமோ இருக்கிறதா? பொதுவாக 30 ஆண்டு கடந்திருக்க வேண்டும். பழுதுபார்க்க எவ்வளவு ஆகும், இப்போது எந்த நிலையில் இருக்கிறது, ஊர் என்ன நினைக்கிறது என்பதெல்லாம் அந்த முடிவில் கணக்கில் வராது. நியாயம்தான். செலவைக் கேட்டிருந்தால் பல தேவாலயங்கள்கூட நின்றிருக்காது.

ஆனால் அதே வாயிலில் இன்னொன்றும் வெளியே நிறுத்தப்படுகிறது: அங்கே யார் வாழலாம், என்ன வாடகையில் வாழலாம் என்பது. மாளிகையைக் காக்கும்போது இது பெரிய இழப்பில்லை. மாளிகை யாருடையதானாலும் மாளிகைதான். மாநகராட்சி வாடகை வீட்டின் கதை வேறு. அதன் வரலாற்று முக்கியத்துவமே ஒரு நகரம் தன் வரிப்பணத்தில் தன் தொழிலாளர்களுக்கு நல்ல வீடு கட்டித் தந்தது என்பதில் இருக்கிறது. அந்த உறவைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கட்டட பாணி.

பட்டியலில் சேர்ந்தால் இந்த உறவு அறுந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. லண்டனின் கேம்டனில் நீவ் பிரவுன் வடிவமைத்த அலெக்சாண்ட்ரா ரோடு குடியிருப்பு 1978-இல் முடிந்தது. 1993-இலேயே, வழக்கமான 30 ஆண்டுக்கு வெகு முன்னால், அதே இரண்டாம் தர நட்சத்திர நிலையில் சேர்ந்தது. இன்றும் அங்கே மாநகராட்சி வாடகைதாரர்கள் இருக்கிறார்கள். சிக்கலில்லாமல் இல்லை. சுவருக்குள்ளேயே புதைத்த வெப்பக் குழாய்கள் பழுதாகும்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி அனுமதி வேண்டும், செலவு யார் தலையில் என்ற தகராறும் உண்டு. ஆனால் அந்தத் தகராறு குடியிருப்பவர்களுக்கும் அவர்களுடைய மாநகராட்சிக்கும் நடுவே நடக்கிறது. குடியிருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

புதுப்பித்தல்

பார்க் ஹில்லுக்கு வேறு வழி தேர்ந்தார்கள். பழுதுபார்க்கும் செலவை மாநகராட்சியால் தாங்க முடியவில்லை. 2004-இல் அர்பன் ஸ்பிளாஷ் என்ற தனியார் கட்டுமான நிறுவனத்தைக் கூட்டாளியாக்கினார்கள். அரசு நிதியும் சேர்ந்தது. குடும்பங்கள் படிப்படியாக வெளியேறின. 2008 நிதி நெருக்கடியில் வேலை தள்ளாடி, முதல் கட்டம் 2011-இல் ஆட்கள் குடியேறும் நிலைக்கு வந்தது. ஹாக்கின்ஸ் பிரவுன், ஸ்டூடியோ எக்ரெட் வெஸ்ட் ஆகிய இரு அலுவலகங்கள் வடிவமைத்தன.

முதல் கட்டத்தில் வடபுறக் கட்டடத்தைச் சட்டகம் மட்டும் மிஞ்சும்படி உரித்தார்கள். செங்கல் அத்தனையும் போனது. அந்த இடத்தில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிற அலுமினியத் தகடுகள். முன்பு முகப்பில் ஒரு பங்கு கண்ணாடி, இரண்டு பங்கு செங்கல். இப்போது இரண்டு பங்கு கண்ணாடி, ஒரு பங்கு தகடு. கட்டடத்தின் நடுவில் நான்கு மாடி உயரத்துக்கு வெட்டித் திறந்து ஒரு வாயில் வைத்தார்கள், பளபளக்கும் சுருள் படிக்கட்டு வைத்தார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் இவ்வளவுக்கும் அனுமதி கிடைத்தது. மதிப்பு சட்டகத்திலும் நடைத்தெருவிலும் நிலத்தோடு கட்டடம் கொள்ளும் உறவிலும்தான் இருக்கிறது, நிரப்பை மாற்றலாம் என்பது அனுமதித்தவர்கள் எடுத்த நிலை.

சட்டகம் திறமையாகப் பழுதுபார்க்கப்பட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். வீடுகளில் இப்போது வெளிச்சம் அதிகம், குளிர் குறைவு. ஆனால் நடைத்தெரு? காத்த மூன்றில் ஒன்று அதுதானே. அது இப்போது மின்னணுச் சாவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் திறக்கும் வழி. ஊரிலிருந்து யாரும் நடந்து ஏறி, கட்டடம் முழுக்கச் சுற்றி, மறுபுறம் இறங்கிவிட முடியாது. குடியிருப்பவர்கள் பாதுகாப்பு கேட்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் பொதுத் தெருவாக இருந்ததால் சிறப்பு என்று சொல்லிப் பட்டியலிட்டுவிட்டு, பொதுத் தெருவாக இருப்பதை நிறுத்திவிட்டு, சிறப்பு காக்கப்பட்டது என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

வீடுகளில் பெரும்பகுதி விற்பனைக்கும் சந்தை வாடகைக்கும் வந்தது. குறைந்த வாடகைக்கு ஒதுக்கியது ஒரு சிறு பங்கு. இன்னொரு பகுதி மாணவர் விடுதியானது.

பாலத்தில் இருந்த வாசகத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டத்தைக் கடக்க முடியவில்லை. 2000-களின் தொடக்கத்தில் உள்ளூர் இளைஞர் ஒருவர் இரு கட்டடங்களை இணைக்கும் உயரமான பாலத்தில் தன் காதலியின் பெயரை எழுதி, அவரைக் காதலிப்பதாகவும் திருமணம் செய்துகொள்வாயா என்றும் கேட்டு எழுதியிருந்தார். ஊருக்கே தெரியும் இடம். புதுப்பித்த நிறுவனம் அந்த எழுத்துகளின்மேல் நியான் விளக்கு பொருத்தி விளம்பரத்தின் அடையாளமாக்கியது. காதலும் திருமணக் கேள்வியும் ஒளிர்ந்தன. பெண்ணின் பெயருக்கு மட்டும் விளக்கு போடவில்லை. அங்கே வாழ்ந்தவர்களின் கதையிலிருந்து விற்கக்கூடியதை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவது எப்படி நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பார்க் ஹில்லில் வேறு இல்லை.

2013-இல் பிரிட்டனின் மிக முக்கியமான கட்டடக்கலை விருதான ஸ்டெர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலில் முதல் கட்டம் இடம்பெற்றது. மிக்கேல் ரிச்சஸ் அலுவலகம் செய்த இரண்டாம் கட்டம் இதைவிடப் பக்குவமானது. செங்கல்லை எடுக்காமல் கழுவிச் சுத்தப்படுத்தினார்கள், சன்னலை மாற்றி வெப்பத்தை உள்ளே தேக்கினார்கள், பால்கனிப் பக்கச் சுவர்களுக்கு மட்டும் வண்ணம் பூசினார்கள். 2024-இல் அதுவும் ஸ்டெர்லிங் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. உரித்தெடுக்காமலே இதைச் சீராக்க முடியும் என்று இரண்டாம் கட்டம் நிரூபித்துவிட்டது. முதல் கட்டத்தில் போன செங்கல்லைப் பற்றி இப்போது வருத்தப்படுவதைத் தவிர வழியில்லை.

பாப்லரில் இரண்டு கட்டடங்கள்

கிழக்கு லண்டனின் பாப்லர் பகுதியில், நடந்துபோகும் தொலைவில் இரண்டு குடியிருப்புகள் இருந்தன. ஒன்று ஸ்மித்சன் தம்பதி 1972-இல் முடித்த ராபின் ஹுட் கார்டன்ஸ். கட்டப்படாத தங்கள் கோல்டன் லேன் கனவை அவர்கள் கடைசியில் கட்டிப் பார்த்த இடம்: 213 வீடுகள், எதிரெதிரே இரு நீண்ட கட்டடங்கள், நடுவில் ஒரு பசும்மேடு. மற்றொன்று எர்னோ கோல்ட்ஃபிங்கர் 1967-இல் முடித்த பால்ஃப்ரன் கோபுரம், 146 வீடுகள்.

ராபின் ஹுட் கார்டன்ஸைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ரிச்சர்ட் ரோஜர்ஸ், ஸஹா ஹதீத் போன்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களே குரல் கொடுத்தார்கள். 2008-இல் அமைச்சர் மறுத்தார். மக்கள் வாழும் இடமாக அது சரியாக அமையவில்லை என்பது இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் சொன்ன காரணங்களில் ஒன்று. இனிமேல் பட்டியலிட மாட்டோம் என்ற சான்றிதழும் கொடுத்தார்கள். குடியிருந்தவர்கள் என்ன நினைத்தார்கள்? இடிப்பதற்கு 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்றது மாநகராட்சியின் கலந்தாய்வு. குடியிருந்த ஒருவரே வீடு வீடாகக் கேட்டபோது 80 சதவீதம் பேர் புதுப்பிக்கச் சொன்னதாக வந்தது. ஈரச் சுவரும் நெருக்கடியும் நிறைந்த வீட்டில் இருப்பவரிடம் புது வீடு வேண்டுமா என்றால் ஒரு பதில் வரும், இதே வீட்டைச் சரிசெய்து தரட்டுமா என்றால் இன்னொரு பதில் வரும். இரண்டும் உண்மையாக இருக்கலாம். 2017-இல் மேற்குக் கட்டடம் இடியத் தொடங்கியது, பின்னர் கிழக்குக் கட்டடமும் போனது. மூன்று மாடி உயரத் துண்டு ஒன்றை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. 2018-இல் அதன் பாகங்கள் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சிக்குப் போயின.

பால்ஃப்ரன் கோபுரம் 1996-இல் பட்டியலில் சேர்ந்தது, 2015-இல் நட்சத்திர நிலைக்கு உயர்ந்தது. வாடகைதாரர்கள் வெளியேற்றப்பட்டார்கள், கோபுரம் புதுப்பிக்கப்பட்டது, வீடுகள் தனியார் சந்தைக்கு வந்தன.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடித்த இடத்தில், சுற்றுப்புறத்தையும் சேர்த்து, 1,575 வீடுகளுக்குத் திட்டமிட்டார்கள். குறைந்த வாடகை வீடுகளும் அதில் உண்டு, அங்கே இருந்தவர்களுக்கு மாற்று வீடும் உண்டு. பாதுகாத்த இடத்தில் ஏழைக்கு வீடு இல்லை. கட்டடத்தைக் காக்கப் போராடுபவர்கள் இந்த உண்மையைக் கண்டு முகம் திருப்பக்கூடாது. பட்டியலிடுவது ஏழைகளை வெளியேற்றும் முதல் படி என்று வாடகைதாரர்கள் அஞ்சினால், அந்த அச்சத்துக்கு பாப்லரில் ஆதாரம் இருக்கிறது.

நான் இன்னமும் பாதுகாக்கும் பக்கமே நிற்கிறேன். 1972-இல் முடித்த கட்டடத்தை 2017-இல் இடிப்பது, அதில் போன சிமெண்டையும் எஃகையும் உழைப்பையும் 45 ஆண்டில் குப்பையாக்குவது. எந்த ஊருக்கும் அது கட்டுப்படியாகாது. இரண்டு முடிவுகளில் எது நல்லது என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது, மூன்றாவது ஒன்று இருக்கிறதே என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

போர்தோவில் நடந்தது

பிரான்சின் போர்தோ நகரில் கிராண்ட் பார்க் என்ற பகுதி. 1960-களின் மூன்று கட்டடங்கள், 530 வாடகை வீடுகள். கட்டடக்கலை வரலாற்றில் யாரும் குறித்து வைக்காத சாதாரண அடுக்குமாடிகள், பட்டியலில் சேர வாய்ப்பே இல்லாதவை. கட்டடக் கலைஞர்கள் ஆன் லகத்தோன், ழான் ஃபிலிப் வசால் இருவரும், ஃப்ரெடெரிக் த்ருவோ, கிறிஸ்தோஃப் ஹுத்தான் ஆகியோரோடு சேர்ந்து, இதில் செய்தது எளிமையானது. பழைய முகப்பில் சின்னச் சன்னல்கள் இருந்த சுவரைத் திறந்தார்கள். வெளியே தனி அடித்தளத்தில் ஒரு புதிய சட்டகத்தை நிறுத்தி, ஒவ்வொரு வீட்டுக்கும் 3.8 மீட்டர் ஆழத்தில் குளிர்காலத் தோட்டமும் பால்கனியும் சேர்த்தார்கள். முன்தயாரித்த பாகங்கள் என்பதால் ஒரு வீட்டுக்குள் வேலை ஏறத்தாழ 12 முதல் 16 நாளில் முடிந்தது. குடும்பங்கள் வீட்டிலேயே இருந்தன. வாடகை உயரவில்லை. ஒரு வீட்டுக்கு ஆன செலவு சுமார் 65,000 யூரோ, இடித்துக் கட்டுவதைவிட மிகக் குறைவு. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோ விருது இதற்குக் கிடைத்தது. 2021-இல் லகத்தோனுக்கும் வசாலுக்கும் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு.

இந்தக் கட்டடங்கள் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்திருந்தால் இப்படிச் செய்ய விட்டிருக்க மாட்டார்கள். பழைய முகம் முழுக்க மறைந்துவிட்டதே. முகத்தை விட்டுக்கொடுத்து, வீட்டையும் வாடகையையும் அக்கம்பக்கத்தையும் காத்தார்கள். பார்க் ஹில்லின் முதல் கட்டத்திலும் முகம் போனது. அங்கே அதற்கு ஈடாக வாடகைதாரர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

எதை எழுதி வைத்திருக்கலாம்

பார்க் ஹில்லைப் பட்டியலிட்டது சரி. அது இல்லாவிட்டால் கெல்வின் போன வழியிலேயே அதுவும் போயிருக்கும். என் குறை, அந்த ஆவணம் கட்டடத்தை வர்ணித்துவிட்டுக் குடியிருப்பை விட்டுவிட்டதில். வரலாற்று முக்கியத்துவம் என்ற தலைப்பின்கீழ், இது பொது வாடகை வீடாக எழுந்து அப்படியே இயங்கியது என்பதை மதிப்பின் ஒரு பகுதியாகவே எழுதியிருக்கலாம். பட்டியலுக்கு வாடகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கிடையாது, உண்மை. ஆனால் எது முக்கியம் என்று அதில் எழுதியிருந்தால், பிறகு மாற்றங்களுக்கு அனுமதி தரும் ஒவ்வொரு மேசையிலும் அந்த வரியைக் காட்டி வாதாட முடியும்.

கட்டுப்படுத்தும் அதிகாரம் வேறு இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, கட்டட அனுமதியோடு, நகரமைப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்கீழ் செய்துகொள்ளும் ஒப்பந்தம். எத்தனை வீடு குறைந்த வாடகைக்கு என்று அதில் கட்டாயமாக்கலாம். லாபம் வராது என்று நிறுவனங்கள் பேரம் பேசி அந்த எண்ணிக்கையைக் குறைப்பது இங்கிலாந்தில் வழக்கமாகிவிட்டது. இன்னொன்று, இதைவிட வலுவானது: நிலமும் கட்டடமும் மாநகராட்சியுடையவை. தன் சொத்தை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பத்திரத்தில், பழைய குடும்பங்கள் திரும்பி வரும் உரிமையையும், இத்தனை வீடு என்றென்றைக்கும் பொது வாடகையில் என்பதையும் நிபந்தனையாக வைக்க மாநகராட்சிக்கு முழு உரிமை இருந்தது. பொதுப்பணமும் கொட்டப்பட்ட திட்டம் இது. 995 வீடுகளையும் அப்படியே காத்திருக்க முடியுமா என்றால், அன்றைய நிதி நிலையில் முடியாமல் போயிருக்கலாம். பாதியையாவது கேட்டிருக்க வேண்டும்.

ஐரோப்பிய நகரங்களில் 1950-களிலும் 60-களிலும் 70-களிலும் எழுந்த குடியிருப்புகள் அடுத்தடுத்து பட்டியலுக்கோ இடிப்புக்கோ வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் இன்னமும் வாடகைதாரர்கள் இருக்கிறார்கள். காப்பாற்றச் சொல்லி மனு எழுதுபவர்கள் முகப்பின் புகைப்படத்தோடு குடியிருப்பவர்களின் வாடகைப் பட்டியலையும் இணைத்து அனுப்ப வேண்டும். மனுவின் முதல் கையெழுத்து கட்டடக் கலைஞருடையதாக இல்லாமல், அங்கே குடியிருப்பவருடையதாக இருக்க வேண்டும்.